வாய்க்காக்கரை வீட்டுப் படித்துறை: எடம் யாருது, பொறுப்பு யாருது?

கொல்லையில வாய்க்கா ஓடுற வீட்டுக்காரங்க கேட்ட கேள்விங்க இது. எங்க குடும்பத்து நெலமும் வெட்டாத்துப் பாசனந்தான், அதனால கோர்ட்டுல பார்த்ததோட வயல்ல பார்த்ததையும் சேர்த்தே சொல்றேன்.

கேள்வி (கும்பகோணம் பக்கம்): சார், தாத்தா கட்டின படித்துறை, 50 வருஷம் ஆவுது. இப்ப விஏஓ வந்து ஆக்கிரமிப்புங்குறாரு. எங்ககிட்ட பி மெமோ இருக்கு, ஈஸ்மெண்ட் ரைட்டு (அடுத்தவங்க எடத்த ரொம்ப நாள் அனுபவிச்சதால வர்ற உரிமை) வராதா?

பதில்: அய்யா, அந்த பி மெமோவ மொதல்ல உள்ள வைங்க. அது நீங்க புறம்போக்குல இருக்கீங்கன்னு கவர்மெண்டு எழுதிக் குடுத்த சீட்டு, உரிமைப் பத்திரம் இல்ல. 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தனியார் சொத்துன்னு நிரூபிச்சாலொழிய ஆறு, வாய்க்கா எல்லாம் கவர்மெண்டுதுதான். 1882 ஈஸ்மெண்ட் சட்டத்துல தனியார் நெலம்னா 20 வருஷம், கவர்மெண்டு நெலம்னா 30 வருஷம்னு இருக்கறது உண்மை, ஆனா அது நடந்து போறது, தண்ணி எடுக்கறது மாதிரி அனுபோகத்துக்கு, கான்கிரீட்டப் போட்டு எடத்தையே புடிச்சிக்கிட்டு அதைக் கேட்டா நிக்காது. எஃப்எம்பி வரைபடமும் (சர்வே நம்பரோட அளவு வரைபடம்) ஏ ரெஜிஸ்டர் நகலும் (எந்த நெலம் என்ன வகை, யாருதுன்னு இருக்கற கிராமக் கணக்கு) வாங்கி சர்வேயரை வச்சு அளந்துடுங்க, சில ஊர்ல வாய்க்கா பட்டாவுக்குள்ளயே ஓடும், அப்ப பேச்சே வேற. நோட்டீஸ் வந்தா சும்மா இருக்காதீங்க, கெடுவுக்குள்ள எழுத்துல பதில் குடுத்துடுங்க.

கேள்வி (மன்னார்குடி): வாய்க்காவுல நான் கட்டின படியில பக்கத்து வீட்டுப் பையன் வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சிடுச்சு. 'ஆழமான பகுதி'ன்னு போர்டு வச்சிருக்கேன். எடமும் என்னுது இல்லையே, நான் எப்படி பொறுப்பு?

பதில்: தம்பி, எடம் கவர்மெண்டுது, ஆனா படிய கட்டினது நீங்க, இன்னிக்கும் அனுபவிக்கிறது நீங்க, அதனால கவனமா வச்சிருக்க வேண்டிய கடமையும் உங்களுதுதான். போர்ட எட்டு வயசுப் பையன் படிச்சுட்டா எறங்குவான்? பசங்க வர்ற எடம்னு தெரிஞ்சா கோர்ட்டு இன்னும் கூடுதல் கவனம் எதிர்பார்க்கும். எலும்பு முறிஞ்சா சட்டத்துல அது கொடுங்காயம், அஜாக்கிரதைன்னு கேஸ் போட்டா பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 125-ம் பிரிவுல 3 வருஷம் ஜெயில் வரைக்கும் போகலாம், உயிரே போயிட்டா 106, அது 5 வருஷம் வரைக்கும்.

சித்திரையில வாய்க்கா காஞ்சு கெடக்கும்போது கொத்தனார் அளவெடுத்து நாலு படி போடுவாரு, கடைசிப் படிக்குக் கீழ முழங்கால் ஆழந்தான் இருக்கும். அப்புறம் ஜேசிபி வந்து தூர்வாரும், படிய ஒட்டி ஆளுயரத்துக்குப் பள்ளம் விழுந்துடும். ஜூன் 12 மேட்டூர் தெறந்து தண்ணி வந்து சேர்ந்ததும் கலங்கலுக்கு அடியில பள்ளம் இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது, மேல படியில பாசி வேற. நான் பார்த்த ஒரு கேஸ்ல குழந்தை போனது அப்படித்தான், இன்னிக்கும் அந்தம்மா கோர்ட்டு வராண்டாவுல உக்காந்திருந்தது எனக்கு மறக்கல. அதனால இன்னிக்கே மூங்கில் படல் வச்சு அடைங்க. ஆஸ்பத்திரி செலவ குடுத்துடுங்க, தப்ப ஒத்துக்கிட்டேன்னு எழுதிக் குடுக்க வேணாம், உதவியா குடுத்தேன்னு ரசீது வாங்கிக்குங்க.

கேள்வி (திருவாரூர்): வீட்டுக்குப் போக வாய்க்கா மேல குழாய் பதிச்சு பாலம் போட்டோம், தூர்வார வந்தவங்க இடிப்போம்ங்குறாங்க. நஷ்டஈடு உண்டா?

பதில்: அனுமதி இல்லாம போட்டதுன்னா கிடைக்காதுங்க. நம்ம டெல்டாவுல மேல வயலுக்கு வடிகாலா இருக்கறதே கீழ வயலுக்குப் பாசன வாய்க்கா. ஐப்பசி மழையில வெங்காயத்தாமரை மிதந்து வந்து ஒரு முழக் குழாய் வாய்ல அடைச்சுக்கிட்டா, ராத்திரியோட மேல இருக்கற சம்பா நாத்து முழுகிடும், அந்த விவசாயி உங்க மேல நஷ்டஈடு கேஸ் போட்டா என்ன சொல்லுவீங்க? பாசனத் தண்ணிய குறைச்சா பிஎன்எஸ் 326-ம் இருக்கு. நீர்வளத்துறை உதவி செயற்பொறியாளர்கிட்ட மனு குடுத்து, வாய்க்கா முழு அகலத்துக்கும் தண்ணி போற மாதிரி ஸ்லாப் பாலத்துக்கு அனுமதி கேளுங்க.

கேள்வி (மயிலாடுதுறை): மனை வாங்குனா தனி படித்துறை இலவசம்ங்குறாங்க, நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க. வாய்க்கா புறம்போக்க எழுதிக் குடுக்க புரமோட்டருக்கு உரிமையே கெடையாது.

கேள்வி (நீடாமங்கலம்): எதிர்வீட்டுப் படித்துறையால தண்ணி தேங்கி எங்க கொல்லைக்கு வருது, நாங்களே இடிச்சுடலாமா?

பதில்: வேணாம்மா, கடப்பாரைய எடுத்தா கேஸ் உங்க மேலதான் திரும்பும். தாசில்தாருக்கு மனு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ஒரு மனு, ஆர்டிஓவுக்கு (வருவாய் கோட்டாட்சியர்) பிஎன்எஸ்எஸ் (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 152-ம் பிரிவுல ஒண்ணு, அவரு அகற்றச் சொல்லி உத்தரவு போடலாம். மழை பேயும்போதே படித்துறைக்கு மேல ஒரு குச்சி, கீழ ஒரு குச்சி நட்டு ரெண்டுலயும் தண்ணி மட்டம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து மனுவோட வைங்க, வெயில் அடிச்சப்புறம் வந்து பார்க்கற அதிகாரிக்கு வறண்ட வாய்க்காதான் தெரியும்.