எட்டு வயதில் அகாடமி அழைப்பு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தெற்கு லண்டனில் சட்டன் பகுதியில் வசிக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, ஆண்டு 3 படிக்கிறான். ஞாயிறு கால்பந்து ஆட்டம் ஒன்றில் அவனைப் பார்த்த ஸ்கவுட் (திறமையுள்ள பிள்ளைகளைத் தேடும் ஆள்) ஒருவர் பிரீமியர் லீக் கழகம் ஒன்றின் அகாடமிக்கு, அதாவது அதன் இளையோர் பயிற்சி அமைப்புக்கு, பரிந்துரைத்தார். சில வாரங்கள் ஆடவைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பருவத்திலிருந்து 9 வயதுக்குட்பட்டோர் அணியில் பதிவு செய்யக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வாரம் மூன்று மாலை பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். கிராமர் பள்ளியில் சேர்வதற்கான 11 பிளஸ் நுழைவுத் தேர்வும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் என்னாகும்? மறுத்தால் இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வருமா? இடையில் விலக நினைத்தால் சிக்கல் உண்டா?

பதில்: பையனுக்கு ஆசை இருக்கிறது, பயிற்சித் திடல் மாலை நெரிசலிலும் நாற்பது நிமிடத்துக்குள் இருக்கிறது என்றால் போடுங்கள். இந்தக் கையெழுத்து சிறியது. பெரியது அவன் 12 வயதுப் பிரிவுக்குப் போகும்போது வரும். உங்கள் கவலையையெல்லாம் அந்த நாளுக்குச் சேர்த்து வையுங்கள்.

இங்கிலாந்தின் அகாடமிகள் 2012இல் வந்த ‘எலீட் பிளேயர் பெர்ஃபாமன்ஸ் பிளான்’ என்ற திட்டத்தின்படி நடக்கின்றன. அதில் மூன்று கட்டங்கள்: 9 முதல் 11 வயதுப் பிரிவு வரை அடித்தளம், 12 முதல் 16 வரை வளர்ச்சி, அதற்கு மேல் தொழில்முறை ஆயத்தம். ஒவ்வோர் அகாடமியையும் தணிக்கை செய்து நான்கு தரங்களில் ஒன்றில் வைக்கிறார்கள். முதல் தரத்தில் வசதி, பயிற்சியாளர் எண்ணிக்கை, செலவு எல்லாமே அதிகம். நான்காம் தரத்து அகாடமிகள் சிறுவர்களைச் சேர்ப்பதே இல்லை. அவை 17 வயதுப் பிரிவிலிருந்துதான் தொடங்கும். ஒன்பது வயதுப் பிரிவுக்குக் கீழே யாரையும் முறைப்படி பதிவு செய்ய முடியாது. அதனால்தான் ஆடவைத்துப் பார்த்த வாரங்களில் உங்களிடம் எந்தத் தாளும் நீட்டப்படவில்லை.

முதல் தர அகாடமியில் அடித்தளக் கட்டத்துப் பயிற்சி வாரத்துக்கு 4 மணி நேரத்தில் தொடங்கி, கட்டம் முடியும்போது 8 மணி நேரம் வரை போகும். எட்டு மணி நேரம் கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், பெற்றோரைத் தேய்ப்பது பயணமும் காத்திருப்பும்தான். 9 முதல் 11 வயதுப் பிரிவினரின் வீடு பயிற்சியிடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும். 12 முதல் 16 வரை ஒன்றரை மணி நேரம். முழுநேரப் பயிற்சி முறை உள்ள முதல் தர அகாடமிகளுக்கு 14 வயதுப் பிரிவிலிருந்து இந்தத் தூரக் கட்டுப்பாடு தளரும். விதி ஒரு மணி நேரம் என்றாலும் நான் நாற்பது நிமிடம் என்பேன். நீங்கள் இருக்கும் இடம் தோதானது: ஃபுல்ஹாமின் மோட்ஸ்பர் பார்க், செல்சியின் காப்ஹம், கிரிஸ்டல் பேலஸின் பெக்கென்ஹாம் மூன்றும் தெற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அழைத்திருப்பது வடக்கு லண்டன் கழகம் என்றால், கையெழுத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த வழியில் காரை ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் மேலே பேசலாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அகாடமியில் பதிவாகும் பிள்ளையிடம் பயிற்சிக் கட்டணம் வாங்க மாட்டார்கள். ஆனால் கழகத்தின் சின்னம் போட்ட ‘டெவலப்மென்ட் சென்டர்’ வகுப்புகள் பல இடங்களில் நடக்கின்றன. மாதக் கட்டணம் கேட்பவை பெரும்பாலும் வணிக ஏற்பாடுகள். அங்கே சேர்வது அகாடமியில் சேர்வது ஆகாது. உங்களுக்கு வந்திருக்கும் தாள் லீக்கில் பதிவு செய்யும் படிவம்தானா என்பதைக் கழகத்தின் அகாடமி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தே உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கவுட்டின் வாய்மொழி போதாது.

இனி 11 பிளஸ். சட்டன் கிராமர் பள்ளிகளின் (தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள்) தேர்வு ஆண்டு 6 தொடங்கும் செப்டம்பரில் வருகிறது. தயாரிப்பின் உச்சம் ஆண்டு 5, அதாவது அவன் 10 வயதுப் பிரிவில் ஆடும் பருவம். மூன்று மாலை திடலில், இரண்டு மாலை டியூஷனில், சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளியில், ஞாயிறு ஆட்டத்தில் என்று ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையை ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏதாவது ஒன்று இளக வேண்டும். என் யோசனை: டியூஷனைக் குறையுங்கள், வீட்டில் தினமும் அரைமணி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் ஒரு மாலை விடுப்புத் தருவீர்களா என்று அகாடமியின் கல்விப் பொறுப்பாளரை இப்போதே கேளுங்கள். அப்படி ஒரு பொறுப்பாளர் அங்கே இருப்பார். பள்ளி அறிக்கையை வாங்கிப் பார்ப்பது அவர் வேலை. நம்மவர்கள் அவரிடம் பேசவே தயங்குகிறார்கள், கேட்டால் பிள்ளையைக் கழித்துவிடுவார்களோ என்று பயம். இந்தக் கேள்விக்காக ஒரு கழகம் பிள்ளையைக் கழிக்குமானால், அந்தக் கழகம் உங்களுக்கு வேண்டாம். தமிழ்ப் பள்ளியைப் பொறுத்தவரை, அவன் பிரிவின் ஆட்டம் சனியா ஞாயிறா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிறு என்றால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

இழக்கப்போவது ஒன்று உண்டு. பதிவானபின் அவன் தன் பழைய ஞாயிறு அணிக்கு ஆட முடியாது. பள்ளி அணிக்கு அனுமதி கேட்டு ஆடலாம். எட்டு வயதில் நண்பர்களை விட்டு வருவது பெரியவர்கள் நினைப்பதைவிடக் கனமானது. அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது விலகுவது பற்றி. பெற்றோர் இடறுவது இங்கேதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். 9, 10, 11 வயதுப் பிரிவுகளில் பதிவு பொதுவாக ஓராண்டுக்கு. 12இலிருந்து இரண்டிரண்டு ஆண்டுகளாக நீளும். பருவ முடிவில் கழகம் ‘வேண்டாம்’ என்றால் பையன் முழுச் சுதந்திரமாக வெளியே வருகிறான். கழகம் ‘இருக்கட்டும்’ என்று சொல்லி நீங்கள் மறுத்தால் கதை வேறு: அவன் அடுத்து வேறோர் அகாடமியில் சேரும்போது, அந்த அகாடமி பழைய கழகத்துக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். 2012இல் வகுத்தபடி, 9 முதல் 11 வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 பவுண்டு. முதல் தர அகாடமியில் 12 முதல் 16 வரை கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 40,000 பவுண்டு. தொகைகள் பிறகு திருத்தப்பட்டிருக்கின்றன, ஆனால் அந்தப் பெரிய தாவல் எந்த வயதில் நிகழ்கிறது என்பதைக் கவனியுங்கள். பத்து வயதில் வெளியேறும் பையனுக்காக இன்னொரு கழகம் சில ஆயிரம் பவுண்டு கட்டத் தயங்காது. பதினான்கு வயதில் வெளியேறுபவன் தலைமேல் லட்சத்தை நெருங்கும் தொகை தொங்கும். அதைக் கட்டும் அளவுக்கு அவன் சிறந்தவனா என்று நடுத்தரக் கழகங்கள் இரண்டு முறை யோசிக்கும். இந்தப் பணம் உங்கள் பையிலிருந்து போவதில்லை, சாதாரண ஞாயிறு அணிக்குத் திரும்பினால் யாரும் எதுவும் கட்ட வேண்டியதும் இல்லை. ஆயினும் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவுகளை இந்தத் தொகை குறைக்கிறது. ஆகவே 12 வயதுப் பிரிவுக்கான தாள் வரும்போது, அந்தப் பருவத்துத் தொகை எவ்வளவு, எந்தச் சூழலில் அது தள்ளுபடியாகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பேனாவை எடுங்கள்.

இதே விதி சிறு கழகங்களை எதிர்ப்பக்கத்திலிருந்து, தொகை போதாமல், கடித்திருக்கிறது. பிரென்ட்ஃபோர்ட் 2016இல் தன் அகாடமியையே மூடியது. வளர்த்த பிள்ளைகளைப் பெரிய கழகங்கள் சொற்பத் தொகைக்கு அள்ளிக்கொண்டு போவது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அடித்தளக் கட்டத்தில் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பையனின் முன்னேற்றத்தை மதிப்பிடுவார்கள். உங்கள் இருவரின் உயரத்தையும் ஒருநாள் கேட்பார்கள், வியக்க வேண்டாம்: பிள்ளையின் உயரம், எடையோடு பெற்றோர் உயரத்தையும் சேர்த்து, அவன் வளர்ந்தபின் எவ்வளவு இருப்பான், இப்போது வளர்ச்சியில் எங்கே நிற்கிறான் என்று கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1இல் தொடங்குவதால், செப்டம்பரில் பிறந்தவன் ஆகஸ்டில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். அகாடமிகளில் இலையுதிர்காலப் பிறப்புகள் குவிந்திருப்பது தற்செயலாக நடந்ததில்லை. உங்கள் மகன் கோடையில் பிறந்தவனாக இருந்தும் அழைப்பு வந்திருக்கிறது என்றால், அவர்கள் உடலைத் தாண்டி எதையோ பார்த்திருக்கிறார்கள். பத்து, பதினொரு வயதில் குதிகால் வலி என்று சொன்னால் சோம்பல் என்று விரட்டாதீர்கள். எலும்பு வேகமாக வளரும் காலத்தில் அது வழக்கமாக வருவது. பிசியோவிடம் சொல்லிப் பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களுக்காக ஒப்பந்தம் பேசும் முகவர்கள் யாராவது அணுகினால் ஒரே பதில்தான். பையனுக்கு 16 வயது நிறையும் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் அவர்கள் உங்களை அணுகுவதே விதிமீறல். விருந்துக்கு அழைத்தாலும் போகாதீர்கள்.

மறுத்தால் வாய்ப்பு போய்விடுமா? பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரே சிறுவயதில் அகாடமியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள். ஹாரி கேனை ஆர்சனல் எட்டு வயதில் விடுவித்தது. அவர் பின்னர் டாட்டனத்தில் வளர்ந்தார். டெக்லன் ரைஸைச் செல்சி பதினான்கில் விட்டது, வெஸ்ட் ஹாம் எடுத்துக்கொண்டது. எபெரெச்சி எஸே ஆர்சனலில் விடப்பட்டு, பல அகாடமிகளின் படியேறி, 2025இல் அதே ஆர்சனலுக்கு விலைகொடுத்து வாங்கப்பட்டார். ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வென்ஸ்டே பதினாறு வயதில் உருவம் சிறிது என்று அனுப்பிவிட்டது. 2016இல் அவர் லெஸ்டரோடு லீக் பட்டம் வென்றார். இவர்கள் விதிவிலக்குகள் என்பதை மறைக்க மாட்டேன். விடுவிக்கப்படும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் திரும்ப வருவதில்லை, உள்ளேயே இருப்பவர்களிலும் முதல் அணியைத் தொடுபவர் மிகச் சிலர். ஆனால் எட்டு வயதில் மூடும் கதவு கடைசிக் கதவாக இருப்பதில்லை. நன்றாக ஆடும் பையனை லண்டனில் ஸ்கவுட்கள் மறுபடியும் பார்ப்பார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இடமுண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் சிறுவயதில் லிவர்பூல் அகாடமியில் இருந்து, பிறகு பார்ன்ஸ்லியில் 16 வயதினருக்கான ஸ்காலர்ஷிப் (படிப்போடு சேர்ந்த பயிற்சி ஒப்பந்தம்) வழியாக நுழைந்து, 2024 ஆகஸ்டில் முதல் அணிக்கு ஆடினார். பிரித்தானியத் தொழில்முறைக் கால்பந்தில் இறங்கிய முதல் தமிழர் என்று அறியப்படுபவர் அவர். தெற்காசியப் பிள்ளைகள் அகாடமிகளில் குறைவு என்பதை ஒப்புக்கொண்டு, பிரீமியர் லீக்கே 2022இல் ஒரு தனிச் செயல்திட்டம் தொடங்கி, சிறு வயதுப் பிரிவினருக்குத் திறன்காண் விழாக்கள் நடத்துகிறது. இந்த அழைப்பை மறுக்க முடிவெடுத்தாலும் அந்த விழாக்களுக்கு அவனை அழைத்துப் போகலாம்.

கழகத்துக்குப் பதில் சொல்லும் முன் மூன்று பேரிடம் பேசுங்கள்: கல்விப் பொறுப்பாளர், பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலர், ஏற்கெனவே 11 வயதுப் பிரிவில் மகனை வைத்திருக்கும் ஒரு பெற்றோர். மூன்றாமவரை நீங்களே தேடிப் பிடியுங்கள், கழகம் அறிமுகப்படுத்துபவர் வேண்டாம். திடலின் கார் நிறுத்துமிடத்தில் தேநீர்க் குடுவையோடு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.