ராத்திரி மூணு மணிக்கு வர்ற அலர்ட்ல என்ன எழுதிருக்கணும்?

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மொத்த வியாபாரம் பண்றவர் ஒருத்தருக்கு பில்லிங் சர்வர், பேக்கப் சர்வர், கிளவுட்ல ஒன்னு, ஆக மூணையும் இவர் ஒத்தை ஆளா பாத்துக்கிறாராம், கண்காணிக்க நேகியோஸ் போட்டு வச்சிருக்காரு. "அலர்ட் என்னமோ ஒழுங்கா வருதுண்ணே, ஆனா படிச்சா ஒன்னும் விளங்கல. முதலாளிக்கும் அதே மெயில்தான் போகுது, அவரு விடியக்காலம் மார்க்கெட்ல நின்னுக்கிட்டே போன் போட்டு, என்னப்பா ஸ்டார் ஸ்டாரா என்னமோ வந்திருக்குங்கறாரு. இதை நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமா, தமிழ்லயே அனுப்பலாமா?"

தாராளமா மாத்தலாம் தம்பி. இது 1999ல நெட்செயின்ட்ங்கற பேர்ல வந்த சாஃப்ட்வேர், அப்புறந்தான் நேகியோஸ்னு பேர் மாறுச்சு. கூடவே வர்ற மெசேஜ், சர்வர் ரூம்ல உக்காந்திருக்க அட்மின் படிக்கிறதுக்கு எழுதுனது, பூக்கடை முதலாளி படிப்பாருன்னு யாரும் நினைச்சு எழுதல.

மெசேஜ் இருக்குற இடம் கமாண்ட்ஸ்.சிஎஃப்ஜிங்கற ஃபைல். அதுல 'நோட்டிஃபை-சர்வீஸ்-பை-ஈமெயில்'னு ஒரு கமாண்ட் இருக்கும், நீளமா ஒரே வரி, பிரிண்ட்எஃப்ல ஆரம்பிச்சு மெயில் கமாண்ட்ல முடியும். நடுவுல டாலர் குறிக்குள்ள இருக்கறதெல்லாம் மேக்ரோ, அதாவது $ஹோஸ்ட்அலையாஸ்$னா சர்வரோட பேர், $சர்வீஸ்டெஸ்க்$னா எந்த சர்வீஸ், அதாவது அந்த சர்வர்ல எதைக் கண்காணிக்குதுங்கறது, $சர்வீஸ்ஸ்டேட்$னா நிலைமை, $சர்வீஸ்அவுட்புட்$னா செக் பண்ண பிளகின், அதாவது சோதிச்சுப் பாக்குற குட்டி ப்ரோக்ராம், சொன்ன வரி (நான் தமிழ்ல எழுதிருக்கேன், ஃபைல்ல இங்கிலீஷ் கேப்பிடல் லெட்டர்ல இருக்கும்). இந்த மேக்ரோக்களை அங்கிட்டும் இங்கிட்டும் நகத்தி நடுவுல உங்க வார்த்தையைப் போட்டா மெசேஜ் மாறிரும். ஒன்னு மறந்துராதீங்க, சர்வரே படுத்துருச்சுன்னா வர்ற மெசேஜுக்கு 'நோட்டிஃபை-ஹோஸ்ட்-பை-ஈமெயில்'னு வேற கமாண்ட், முக்காவாசிப் பேர் முதல்ல சொன்னதை மட்டும் மாத்திட்டு இதை அப்படியே விட்டுருவாங்க.

சரி, இப்ப என்ன எழுதறதுங்கறதுதான் விஷயம், எனக்குக் கேட்டா எப்படி மாத்தறதுங்கறதைவிட இதுக்குத்தான் நிறைய நேரம் செலவழிக்கணும். உங்களுக்கு வர்ற சப்ஜெக்ட் இப்படி இருக்கும்:

 ** ப்ராப்ளம் சர்வீஸ் அலர்ட்: எஸ்ஆர்வி02/ரூட் பார்ட்டிஷன் இஸ் கிரிட்டிக்கல் ** 

போன் லாக் ஸ்கிரீன்ல மொத்தம் ஒரு வரிதான் தெரியும், அதுல பாதியை 'ப்ராப்ளம் சர்வீஸ் அலர்ட்'டே தின்னுருது. ப்ராப்ளம் இல்லாமயா மூணு மணிக்கு மெசேஜ் வருது? உள்ள போய்ப் பாத்தா பிளகின் வரி 'டிஸ்க் கிரிட்டிக்கல், ஃப்ரீ ஸ்பேஸ் 812 எம்பி 4%, ஐநோடு 91%'ங்கற மாதிரி இருக்கும். உங்க முதலாளி கண்ணுக்கு அந்த 91தான் முதல்ல படும், டிஸ்க் 91 சதவீதம் ரொம்பிருச்சு போலன்னு நினைச்சுக்குவாரு. உண்மையில அது காலியா இருக்கற ஐநோடு (ஃபைலுக்கு ஒன்னுன்னு டிஸ்க்ல ஒதுக்கி வச்சிருக்கற பதிவு), அங்க ஒரு பிரச்சனையும் இல்ல, பயப்பட வேண்டியது அந்த 4தான். அட்மின் வேலை பாக்குறவங்களே இதுல ஏமாந்து நான் பாத்திருக்கேன். அதனால பிளகின் வரியைத் தூக்கிப் போட்டுறாதீங்க, ரெண்டாவது வரிக்குத் தள்ளுங்க, முதல் வரி உங்க பேச்சுல இருக்கட்டும்:

பூக்கடை பில்லிங்: டிஸ்க்ல இடம் தீரப்போகுது

'எஸ்ஆர்வி02'வை 'பூக்கடை பில்லிங்'னு மாத்தறது சுலபம், ஹோஸ்ட் டெஃபினிஷன்ல, அதாவது நேகியோஸ்ல அந்த சர்வரைப் பத்தி எழுதிருக்கற இடத்துல, அலையாஸை மாத்துனா போதும். அதுக்கு மேல வேணும்னா கஸ்டம் வேரியபிள் இருக்கு. சர்வீஸ் டெஃபினிஷனுக்குள்ள அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கற மாதிரி ஒரு பேர் வச்சு, உதாரணத்துக்கு _ஸ்டெப்னு வச்சு, பக்கத்துல 'பழைய பேக்கப் ஃபைலை அழி, தீரலைன்னா லாக் ஃபோல்டரைப் பாரு'ன்னு எழுதி வச்சிருங்க, மெசேஜ்ல $_சர்வீஸ்ஸ்டெப்$னு கூப்பிட்டா அது வந்து உக்காந்துக்கும். தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சவனுக்கு என்ன கெட்டுப்போச்சுங்கறதோட முதல்ல எதைத் தொடணும்ங்கறதும் தெரியணும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் இதை எழுத உக்காந்தா ஒரு சாயங்காலம் போயிரும், போனாப் போகுது.

நேரம் எப்படி வருதுன்னும் பாத்துருங்க. நேகியோஸ் ஓடுற மெஷின் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா அலர்ட்ல 21:40ன்னு போட்டிருக்கும், நம்ம கடிகாரத்துல அது விடியக்காலம் 3:10. நேகியோஸ்.சிஎஃப்ஜில யூஸ்_டைம்ஸோன்னு ஒரு வரி இருக்கு, அதுல ஏசியா/கொல்கத்தான்னு குடுத்துருங்க.

தமிழ்ல அனுப்பறதுக்கு எஸ்எம்எஸ் சரிப்படாது. இங்கிலீஷ்னா ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து, தமிழ்னா 70தான், அதுலயும் உயிர்மெய் கொம்பு புள்ளியெல்லாம் தனித்தனிக் கணக்கு. 'நிறைஞ்சுருச்சு'ன்னு எழுதிப் பாருங்க, நமக்கு 7 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்குல 14. போதாக்குறைக்கு தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துற டிராய் விதிப்படி கம்பெனி அனுப்புற மெசேஜ் டெம்ப்ளேட்டை முன்னாடியே பதிஞ்சு அனுமதி வாங்கணும், நெனச்சா வார்த்தையை மாத்த முடியாது. டெலிகிராமுக்குப் போயிருங்க. அதுல பாட்ஃபாதர்ங்கற கணக்கு மூலமா ஒரு பாட் (தானா மெசேஜ் அனுப்புற கணக்கு) உண்டாக்கி, அதோட சாவி மாதிரி இருக்கற டோக்கனை வாங்குங்க, முதலாளி போன்ல அந்தப் பாட்டைத் திறந்து ஒருதடவை ஸ்டார்ட் அமுக்கச் சொல்லுங்க, அமுக்காத வரைக்கும் பாட் அவருக்குத் தானா மெசேஜ் அனுப்பாது. அப்புறம் வெப் முகவரிக்கு டேட்டா அனுப்புற கர்ல் கமாண்ட்ல டெலிகிராமோட சென்ட்மெசேஜைக் கூப்பிடணும், டெக்ஸ்டை டேட்டா-யூஆர்எல்என்கோட்ங்கற ஆப்ஷன்லயே குடுங்க, இல்லைன்னா நடுவுல '&' வந்தா மெசேஜ் பாதியில அறுந்துரும். ஒரு மெசேஜுக்கு 4096 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, நீங்க நாலு வரியோட நிறுத்திக்கங்க.

இந்த கர்ல் வரியை நேரா கமாண்ட்ஸ்.சிஎஃப்ஜில எழுதாதீங்க, பட்டவன் சொல்றேன். ஒரு சித்திரைத் திருவிழா சமயம், மெசேஜை அழகாக்குறேன்னு 'டிஸ்க் நிறைஞ்சுருச்சு; உடனே பாருங்க'ன்னு நடுவுல ஒரு அரைப்புள்ளி (;) வச்சு எழுதிட்டேன். நேகியோஸ் கான்ஃபிக்ல அரைப்புள்ளி வந்தா அதுக்கப்புறம் இருக்கறதெல்லாம் கமெண்ட், அப்படியே வெட்டிரும். கொட்டேஷன் மூடாம நின்னு, கமாண்டை ஓட்டுற ஷெல் எரர் அடிச்சுருச்சு, மெசேஜ் எங்கயும் போகல. நேகியோஸ் மைனஸ் வி போட்டுப் பாத்தேன், எல்லாம் ஓகேன்னுச்சு, ஏன்னா அது கான்ஃபிக்கைத்தான் பாக்கும், கமாண்ட் உள்ள ஷெல் சரியா இருக்கான்னு பாக்காது. லாக்ல கூட 'சர்வீஸ் நோட்டிஃபிகேஷன்'னு வரி வந்திருந்துச்சு, அது அனுப்பக் கிளம்புனதுக்குத்தான் அத்தாட்சி, போய்ச் சேந்ததுக்கு இல்ல. அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு நான் வைகைக் கரையில கூட்டத்துல நிக்கிறேன், போன்ல சத்தமே இல்ல, அப்பாடா இன்னிக்கு சர்வர் எல்லாம் நல்லா ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டேன், சாயங்காலம் வந்து பாத்தா டிஸ்க் ரொம்பி டேட்டாபேஸ் மதியமே நின்னுபோச்சு.

அதனால தனியா ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வச்சுக்கங்க, கமாண்ட் வரில அந்த ஸ்கிரிப்ட் பேரும் ஒவ்வொரு மேக்ரோவும் தனித்தனி கொட்டேஷனுக்குள்ள ஆர்க்யுமென்ட்டா வந்தா போதும். கிரிட்டிக்கல், வார்னிங், ஓகே இந்த மூணையும் தமிழ் வார்த்தையா மாத்தறது, சரியாயிருச்சுங்கற மெசேஜ்ல எவ்வளவு நேரம் மக்கர் பண்ணுச்சுன்னு சேக்கறது, எல்லாத்தையும் ஸ்கிரிப்ட்லயே வச்சுக்கலாம், அங்க நேகியோஸோட அரைப்புள்ளி டாலர் தொல்லை இல்ல. முதலாளிக்குத் தனி கான்டாக்ட் போட்டு கிரிட்டிக்கலும் ரெக்கவரியும் மட்டும் போற மாதிரி வைங்க, வார்னிங் உங்களுக்கு மெயில்ல வந்தா போதும், ஏலம் நடக்கற நேரத்துல 80 சதவீதம் ஆயிருச்சுங்கற சேதி அவருக்கு எதுக்கு?

மாத்தி முடிச்சதும் நேகியோஸ் யூசராவே அந்த ஸ்கிரிப்டை ஒருதடவை கையால ஓட்டிப் பாருங்க, எல்லா அனுமதியும் இருக்கற ரூட் யூசர்ல ஓடும், நேகியோஸ் யூசர்ல பெர்மிஷன் இல்லாம நிக்கும். அப்புறம் வெப் பக்கத்துல அந்த சர்வீஸைத் திறந்தா 'சென்ட் கஸ்டம் சர்வீஸ் நோட்டிஃபிகேஷன்'னு இருக்கும், ஃபோர்ஸ்டை டிக் பண்ணி அனுப்புங்க, போன் கையில வந்து சத்தம் போடற வரைக்கும் இடத்தை விட்டு எந்திரிக்காதீங்க.