குடலில் தொடங்கி ஈரலுக்குப் போன புற்றுநோய்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற நோயியல் வைத்தியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கல்லடி: அம்மாவுக்குப் பெருங்குடலில் இருந்த கட்டியை அகற்றி எட்டு மாதங்களாகின்றன. இப்போது ஸ்கேனில் ஈரலில் இரண்டு கட்டிகள் தெரிகின்றன. இது ஈரல் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரல் வாயினாளம் வழியாக முதலில் ஈரலுக்கே போகிறது; ஆகவே பிரிந்து செல்லும் கலங்கள் தங்கும் முதல் இடமும் அதுவாகவே இருக்கிறது. இத்தகைய கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஈரற்கலங்களுக்கு நடுவே குடலின் சுரப்பிகளைப் போன்ற வளையங்கள் ஊதா நிறத்தில் நிற்பதைக் காணலாம். சிகிச்சையும் குடல் புற்றுநோய்க்கு உரியதே. ஆகவே உறவினர்களிடம் சொல்லும்போதும் 'ஈரலுக்குப் பரவிய குடல் புற்றுநோய்' என்றே சொல்லுங்கள். பெயர் மாறினால் ஆலோசனைகளும் திசைமாறிப் போகும்.

கல்முனை: வாப்பாவின் சீ.ஈ.ஏ. 38 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா, டொக்டர்?

சீ.ஈ.ஏ. என்பது இரத்தத்தில் அளக்கப்படும், குடல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம். 1965ஆம் ஆண்டு மொன்றியலில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகிய இருவரும் கண்டறிந்த இந்தப் புரதத்தின் அளவு, புகைபிடிக்காத ஒருவருக்கு வழக்கமாக மில்லிலீற்றருக்கு 5 நனோகிராமுக்குக் கீழே இருக்கும். புகைபிடிப்போருக்கு நோயில்லாமலேயே சற்றுக் கூடும். புற்றுநோய் இருந்தும் கூடாதவர்களும் உண்டு. ஆகவே ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே ஆய்வுகூடத்தில் அடுத்தடுத்து எடுத்த அளவுகள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்பதே முக்கியம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களில் அது வழமை நிலைக்கு இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிப்போம். ஈரற்கட்டிகளை அகற்றிய பிறகு நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்க, 1999இல் வெளியான ஃபோங் மதிப்பீட்டில் கெடுதிக்குறியாகக் கொள்ளப்பட்டது 200ஐத் தாண்டிய அளவு. 38 அதற்கு வெகு கீழே.

களுவாஞ்சிக்குடி: அண்ணாவின் அறிக்கையில் 'கேராஸ் மாற்றம் உண்டு' என்று எழுதியிருக்கிறது. இனி மருந்தே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

அப்படிச் சொன்னவர் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். கேராஸ் என்ற மரபணு, கலத்துக்குள் 'வளர்' என்ற கட்டளையைக் கடத்தும் ஓர் ஆளி; மாற்றம் ஏற்பட்டால் அது அணையாமலே எரிந்துகொண்டிருக்கும். செட்டுக்சிமாப், பனிட்டுமுமாப் ஆகிய மருந்துகள் அந்த ஆளிக்கு மேலேயுள்ள வாசலை அடைப்பவை. ஆளியே பழுதாகிவிட்டால் வாசலை அடைத்துப் பயனில்லை. அதனால் இவை இரண்டையும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. குடல் புற்றுநோயாளரில் ஏறத்தாழ 40 சதவீதமானோருக்கு இந்த மாற்றம் இருக்கிறது, அவர்கள் கைவிடப்படுவதில்லை. ஒக்சாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளும் பெவாசிசுமாப்பும் இருக்கின்றன. ஈரல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பும் வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அகற்றக்கூடிய கட்டியை அகற்றாமல் விட அது காரணமாகாது. அறிக்கையில் 'ஜீ12சீ' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறு தொகையினருக்கே இருக்கும் அந்த வகைக்கு அண்மைக் காலத்தில் தனி மருந்துகள் வந்திருக்கின்றன.

அக்கரைப்பற்று: பீராஃப் மாற்றம் அதைவிட மோசமா?

ஆம். பீராஃப் என்பதும் அதே கட்டளையைக் கடத்தும் இன்னொரு மரபணு; அதில் வீ600ஈ என்ற வகை மாற்றம் மோசமானது. நோய் வேகமாக நகரும். இதற்கு என்கோராஃபெனிப் என்ற மருந்தைச் செட்டுக்சிமாப்புடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

வாழைச்சேனை: நேரடியாகக் கேட்கிறேன், ஈரலுக்குப் பரவிய என் மாமாவுக்கு இன்னும் எத்தனை வருடங்கள்?

உங்கள் மாமாவுக்கு எத்தனை என்று எவராலும் கூற முடியாது. ஈரலிலுள்ள கட்டிகளை முழுமையாக அகற்ற முடிந்தவர்களில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதமானோர் 5 வருடங்களைக் கடக்கிறார்கள். பலருக்கு நோய் திரும்பும், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள். ஆனால் ஈரல் மீண்டும் வளரும் உறுப்பு என்பதால், திரும்பியதை இரண்டாம் முறை வெட்டியெடுக்கவும் சிலருக்கு இயலும். குடற்கட்டியை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததா, எத்தனை கட்டிகள், பெரியது 5 சென்ரிமீற்றரைத் தாண்டியதா, ஒரு வருடத்துக்குள் தோன்றியதா என்பனவற்றைப் பார்த்த பிறகே சீ.ஈ.ஏ., மரபணு மாற்றம் என மேலே சொன்ன குறிகாட்டிகளுக்குப் பொருள் வரும். 'கட்டிகள் அகற்றக்கூடியவையா' என்பதை ஈரல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரே தீர்மானிக்கட்டும். அந்தக் கேள்வியை கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள்.

செங்கலடி: கொழும்பில் 'புளொக் கொண்டுவாருங்கள்' என்கிறார்கள். அது என்ன?

வெட்டியெடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்ரிக் சட்டத்தில் இலக்கமிட்டு வைப்போம், அதுதான் புளொக். மரபணுப் பரிசோதனை அதிலிருந்தே செய்யப்படும். சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் நோயியல் பிரிவில் கடிதம் கொடுத்துப் பெறலாம். கட்டியில், மரபணுவில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவை இல்லாதவர்கள், பரவிய நோயில் ஏறத்தாழ 5 சதவீதமானோர்தான். ஆனால் பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து அவர்களில் பலருக்கு நீண்ட காலம் வேலை செய்கிறது. குறைபாடு பரம்பரையாக வந்தது என்று உறுதியானால் சகோதரர்களும் பிள்ளைகளும் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கமராவைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும். புளொக்கைக் கடித உறைக்குள் திணிக்காமல் சிறு பெட்டியில் வையுங்கள். நம் பக்கத்து நண்பகல் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிட்டால் மெழுகு இளகிவிடும். ஆகவே இரவு ரயிலில் கையோடு எடுத்துச் செல்லுங்கள், இலக்கத்தைத் தனித் தாளிலும் எழுதிவையுங்கள்.