மலேசியா போக இப்போதே ஏலச் சீட்டை எடுக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். பிடித்தம் போகச் சம்பளம் 62,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் 15,000 வரை சம்பாதிக்கிறார். 13 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கூடவே 66 வயது அம்மா. பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வரும் மே மாதம் ஐந்து பேரும் மலேசியா போய் வர நினைக்கிறோம். டிராவல்ஸில் ஐந்து இரவுக்குத் தலைக்கு 62,000, மொத்தம் 3,10,000 கேட்கிறார்கள். கையில் இருப்பது 1,20,000 டெபாசிட் மட்டும். மாதம் 10,000 கட்டும் 2 லட்ச ரூபாய் ஏலச் சீட்டு ஒன்று இருக்கிறது. மொத்தம் 20 மாதம், இது எட்டாவது. 40,000 தள்ளினால் இப்போதே எடுத்துவிடலாம். மீதிக்கு ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் போடலாம் என்று இருக்கிறேன். சரியா? சீட்டு போக மாதம் 14,000 மிஞ்சுகிறது.

பதில்: போய் வாருங்கள். ஆனால் மே மாதம் வேண்டாம், லோனும் வேண்டாம். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

முதலில் சீட்டைப் பார்ப்போம். இப்போது 40,000 தள்ளி, அதாவது ஏலத்தில் அவ்வளவை விட்டுக்கொடுத்து எடுத்தால் கைக்கு வருவது 1,60,000. எட்டாவது மாதத்தில் இன்னும் 13 பேர் எடுக்காமல் இருப்பார்கள், அவரவருக்கு ஓர் அவசரம், அதனால்தான் தள்ளு ஏறுகிறது. செப்டம்பரில் வரும் 16ஆவது ஏலத்தில் ஐந்தே பேர்தான் மிச்சம். அப்போது கம்பெனிக் கமிஷனுக்குக் கொஞ்சம் மேலே போனாலே சீட்டு கிடைக்கும். 15,000 தள்ளு என்றே வைத்துக்கொள்வோம், 1,85,000 வரும். இடையில் எட்டே மாதம், வித்தியாசம் 25,000. ஏலக் கழிவில், அதாவது மாதாமாதம் தள்ளும் தொகையை எல்லோருக்கும் பிரிப்பதில், உங்கள் பங்கு எப்போது எடுத்தாலும் வந்துகொண்டுதான் இருக்கும், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது லோன். 14 சதவீத வட்டிக்கு ஒன்றரை லட்சம், 24 மாதம் என்றால் தவணை சுமார் 7,200 வரும். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 23,000. சீட்டில் இழக்கும் 25,000த்தையும் சேர்த்தால் 48,000. கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் ஐந்து பேரின் ஹோட்டல் வாடகை மொத்தமே 37,400தான். விமானம் ஏறுவதற்கு முன்பே அதைவிடப் பெரிய தொகை போய்விடுகிறது. இதில் சீட்டு எடுப்பதற்கு ஜாமீன் தேட வேண்டிய அலைச்சல் வேறு. அந்த 1,20,000 டெபாசிட் வீட்டு அவசரத்துக்கு உள்ளது, நீங்களும் அதைத் தொடவில்லை. நல்லது, அப்படியே இருக்கட்டும்.

இப்போது டிராவல்ஸ் சொன்ன 3,10,000. அதன் மேல் டி.சி.எஸ். (விற்பவரே உங்களிடம் பிடித்துக் கட்டும் வருமான வரி) உண்டு என்று சொன்னார்களா? 2025-26 நிதியாண்டில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரை 5 சதவீதம் பிடித்தார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு அது 15,500. இது செலவு இல்லை, உங்கள் பான் எண்ணில் வரவாகும், வரிப் பிடித்தங்களைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். புதிய வரிமுறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது என்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுவதும் திரும்பிவிடும். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். டிக்கெட்டைத் தனியாகவும் ஹோட்டலைத் தனியாகவும் நீங்களே எடுத்தால் அது பேக்கேஜ் ஆகாது, இந்தப் பிடித்தமும் இல்லை.

அந்தப் பேக்கேஜில் லங்காவியும் கெந்திங் மலையும் இருந்தால் கெந்திங்கில் தீம் பார்க் டிக்கெட் சேர்த்தியா என்று கேளுங்கள். கேபிள் காரில் ஏற்றி இறக்கிவிட்டு, பார்க்குக்குத் தனியாகக் காசு கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகள் அழும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஒரு ரிங்கிட் 22 ரூபாய் என்று வைத்து நான் போட்டுப் பார்த்தேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், சுமார் நான்கு மணி நேரம். போக வரத் தலைக்கு 20,000 என்று ஒரு லட்சம் வைத்திருக்கிறேன். பெட்டிக்கான கட்டணமும் இதற்குள். மலிவு விலை விமானங்களில் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்தப் பெட்டியில்தான். ஹோட்டல் இரண்டு அறை, ஐந்து இரவு, ஓர் அறைக்கு 160 ரிங்கிட். அதோடு வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும், பெரும்பாலும் கவுண்டரில் கேட்பார்கள். எல்லாம் சேர்ந்து 37,400 ரூபாய். சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 60 ரிங்கிட், ஆறு நாளுக்கு 39,600. ரயில், கார் 24,200. நுழைவுக் கட்டணங்கள் 13,200. இன்சூரன்ஸ் 6,000. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் இனிமேல்தான் என்றால் இன்னும் 3,350: பிள்ளைகளுக்குத் தலா 1,000, அம்மாவுக்கு 1,500இல் மூத்தோருக்கான 10 சதவீதச் சலுகை போக 1,350. மொத்தம் 2,23,750. முழுதாக 2,40,000 என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை மாதம் 14,000 ஆர்.டி. போல ஒதுக்கினால் 1,12,000 சேரும். பாஸ்போர்ட் செலவும் டிக்கெட்டும் இதில் முடிந்துவிடும். டிக்கெட்டை ஆகஸ்டில் போடுங்கள், பள்ளி விடுமுறைத் தேதி அதற்குள் தெரிந்துவிடும். செப்டம்பரில் சீட்டு எடுத்தால் பயணத்துக்கு அதிலிருந்து 1,28,000 போதும். மீதி 57,000 டெபாசிட்டில் சேரட்டும். அப்புறம் நான்கு தவணை சீட்டு கட்ட வேண்டியிருக்கும், அதை மறக்க வேண்டாம். அந்த மாதம் வேறொருவர் அதிகம் தள்ளி எடுத்துவிட்டால் 1,28,000த்துக்கு ஒரு மாதம் டெபாசிட்டின் மேல் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூட இருக்கும். டெபாசிட் மதிப்பில் முழுத்தொகை தரமாட்டார்கள் என்பதால், போதாத கொஞ்சத்தை மட்டும் மாதச் சேமிப்பில் ஈடுகட்ட வேண்டும்.

அதற்கு மேலும் தள்ளிப்போட வேண்டாம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு என்று மலேசியா அறிவித்திருப்பது 2026 டிசம்பர் 31 வரைக்கும்தான்.

செப்டம்பர் என்பதால் ஒரு மாற்றம். லங்காவியில் அப்போது நல்ல மழைக்காலம், கடற்கரைக்குக் கொடுக்கும் காசு வீண். அதற்குப் பதில் கோலாலம்பூரில் மூன்று இரவு, பினாங்கில் இரண்டு இரவு. கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். என்ற விரைவு மின்சார ரயிலில் பட்டர்வொர்த் போக நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஆகும். இறங்கிய இடத்திலேயே பினாங்குத் தீவுக்குப் படகு. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கால்நடையாகவே பாதி ஊரைப் பார்த்துவிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அறை எடுங்கள். கே.எல். சென்ட்ரல் நடக்கும் தூரம், அம்மாவுக்கு வாழையிலைச் சாப்பாடு தெருவுக்குத் தெரு கிடைக்கும். பேக்கேஜ் பேருந்து ‘இந்திய உணவு’ என்று எங்கோ கொண்டுபோய் நிறுத்தும் கடையைவிட இது ருசியும் அதிகம், விலையும் குறைவு. விமான நிலையத்திலிருந்து நகருக்கு அதிவேக ரயிலில் பெரியவர்களுக்குத் தலா 55 ரிங்கிட். ஐந்து பேர் என்றால் கிராப் செயலியில் கூப்பிடும் ஆறு இருக்கை வாடகைக் காரில் ஏறக்குறையப் பாதிக் காசில் வாசலிலேயே இறங்கலாம்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? டாலரில் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் அட்டை) மலேசியாவில் தேய்த்தால் ரூபாய் டாலராகி, டாலர் ரிங்கிட்டாகி, இரண்டு முறை மாற்றம். ரிங்கிட்டே ஏற்றும் வசதி இருந்தால் மட்டும் எடுங்கள். சாதாரணக் கிரெடிட் கார்டில் பொதுவாக 3.5 சதவீதம் வரை கூடுதல், அதன் மேல் ஜி.எஸ்.டி. ரூபாய் நோட்டாக ஆளுக்கு 25,000 வரை எடுத்துப் போகலாம். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதியில் பணம் மாற்றும் கடைகளில் தமிழிலேயே பேசி, இரண்டு மூன்று கடையில் ரேட் கேட்டு மாற்றலாம்.

கார்டு மிஷினில் இன்னொன்று. ஒருமுறை ஹோட்டலில் 820 ரிங்கிட் பில் கட்டும்போது சின்னத் திரையில் இரண்டு வரி வந்தது: ஒன்றில் ரிங்கிட், மற்றதில் ரூபாய். ரூபாயில் கணக்கு பளிச்சென்று தெரிகிறதே என்று அதை அமுக்கினேன். அறைக்கு வந்து கணக்குப் பார்த்தால் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவன் நான்! எப்போதும் ரிங்கிட்டையே அமுக்குங்கள்.

இன்சூரன்ஸில் அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும். மறைத்தால் அங்கே மருத்துவமனையில் படுக்கும்போது க்ளெயிம் நிற்காது, வெளிநாட்டவருக்கு முழுக் கட்டணம். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் ரயில் போகிறது. படி 272. அம்மாவால் ஏற முடியாவிட்டாலும் 140 அடி முருகன் நிற்பது அடிவாரத்தில்தான். காலையில் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே: மூன்று பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். அம்மாவின் ஆதாரிலும் மற்றச் சான்றுகளிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அந்த வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் இரண்டு மாதம் இழுக்கும்.