கியர் பாக்ஸ் போய்விட்டது என்று யார் சொன்னாலும், முதலில் ஆயிலைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. கோவையிலிருந்து கனடாவின் பிராம்ப்டனுக்கு வந்து ஐந்து மாதம். 3,500 டாலருக்கு வாங்கிய 2009 மாடல் ஆட்டோமேட்டிக் கார். காலையில் ‘டி’யில், அதாவது ஓட்டும் நிலையில், போட்டால் மூன்று நான்கு விநாடி அசையாமல் நிற்கிறது, பிறகு உதறிக்கொண்டு கிளம்புகிறது. நெடுஞ்சாலையில் ஏறும்போது எஞ்சின் இரைகிறதே தவிர வேகம் பிடிப்பதில்லை. பட்டறையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும், 4,200 டாலர் ஆகும் என்றார்கள். மாற்றுவதா, காரை விற்றுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

ஊரில் கிளட்ச் வைத்த வண்டியே ஓட்டியிருப்பீர்கள். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் சுழற்சி ஆயில் வழியாகத்தான் கியர் பாக்ஸுக்குப் போகிறது. இது எஞ்சின் ஆயில் அல்ல, கியர் பாக்ஸுக்கென்றே உள்ள ஆயில். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் அந்த ஆயிலின் அழுத்தமே. அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அழுத்தம் ஏறத் தாமதமாகும், தட்டுகள் வழுக்கும். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் இதோடு அப்படியே பொருந்துகின்றன. தட்டுகள் தேய்ந்திருந்தாலும் இதே குறைகள் வரும் என்பது உண்மை. ஆனால் எது என்று ஆயிலைப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலான கார்களில் வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு, நிறுத்தும் நிலையான ‘பி’க்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடும்போதே கியர் பாக்ஸ் ஆயிலின் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் மட்டும் எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். சில மாடல்களில் கம்பியே கிடையாது. வண்டியைத் தூக்கி, அடியில் உள்ள திருகைக் கழற்றித்தான் பார்க்க முடியும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பு என்றால் பழையது. கருகிய வாடையோடு கறுத்து, விரலில் உரசினால் நறநறவென்று துகள் தட்டுப்பட்டால் தட்டுகள் எரிந்துவிட்டன. புது ஆயில் அதைக் காப்பாற்றாது. பால் கலந்தது போல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் இந்த ஆயில் குளிர்வதற்காகப் போய்வரும் ரேடியேட்டருக்குள் உடைப்பு ஏற்பட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் எனக்கும் இதே தீர்ப்பைச் சொன்னார்கள். கையில் இருந்த சேமிப்பு முழுவதையும் கொடுக்க இருந்தேன். வீட்டுக்காரரின் நண்பர், வயதான மெக்கானிக் ஒருவர், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, ரேடியேட்டருக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயைக் காட்டினார். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதை அரித்து, இணைப்பிலிருந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றி ஆயில் ஊற்றினோம். அதன் பிறகு நான்கு வருடம் அதே கியர் பாக்ஸோடு ஓடியது. அவர் என்னிடம் கூலி வாங்கவில்லை. அந்தக் கடனைத்தான் இப்படி எழுதித் தீர்க்கப் பார்க்கிறேன்.

எஞ்சின் இரைகிறது என்றீர்களே, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைக் கவனித்தீர்களா? முள் விறுவிறுவென்று ஏறியும் வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் அது வழுக்கல். முள்ளும் ஏறாமல் வண்டியும் திணறினால் குறை எஞ்சின் பக்கம் இருக்கக்கூடும். கடும் குளிரில் முதல் சில நிமிடம் கியர் தாமதமாக மாறுவது இயல்பு; சூடான பிறகும் நீடித்தால்தான் குறை.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் குறை கண்டறியும் கருவியைச் செருகி, காரின் கணினி பதிந்த குறைக் குறியீடுகளையும் படித்துப் பாருங்கள். பி0700 என்று வந்தால், கியர் பாக்ஸின் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்றுதான் பொருள். என்னவென்று அறிய அந்தக் கணினியையே படிக்கும் கருவி வேண்டும். சில சமயம் சொலினாய்டு என்னும் சிறு மின்வால்வு மட்டும் பழுதாகியிருக்கும். பல வண்டிகளில் கியர் பாக்ஸை இறக்காமலே அதை மாற்றலாம்.

ஆயில் மாற்றுவதானால், இருப்பதை வடித்துவிட்டு அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். ஒருமுறை வடித்தால் பாதிக்குக் குறைவாகவே வெளியே வரும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி செய்யலாம். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதைப் பழைய வண்டிக்கு நான் ஒப்பமாட்டேன். காரின் கையேட்டில் எந்த ஆயில் என்று இருக்கிறதோ அதுவே வேண்டும். சிவிடி, அதாவது தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, என்றால் அதன் ஆயிலே வேறு.

காரோடு வந்த சேஃப்டி சான்றிதழை நம்பி வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிரேக், டயர், விளக்கு போன்றவற்றைப் பார்த்துத் தருவது. கியர் பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எங்கே வேலை கொடுத்தாலும் முதலில் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். நம் மாகாணமான ஒன்டாரியோவின் நுகர்வோர் சட்டப்படி, மதிப்பீட்டுக்கு மேல் பத்து சதவீதத்தைத் தாண்டி வசூலிக்கக் கூடாது. புதிதாகப் போட்ட பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. புதியவர் என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்று இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறை இருக்கிறதா, என்ன நிறம், முன்சக்கரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.