பழைய பவர் மிஷின்: முதலில் ஊசி, பிறகு ஹூக்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுக்கிறேன். பழைய ஜூக்கி டிடிஎல்-227 பவர் மிஷின் ஒன்றை வாங்கினேன். கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது. இப்போது நான்கு விரற்கடை தைப்பதற்குள் ஒரு தையல் விட்டுப்போகிறது. ஹூக்கையே (ஊசிக்குக் கீழே சுழன்று நூலைப் பிடிக்கும் பாகம்) மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். மிஷினே தேய்ந்துவிட்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். இருவரில் ஒருவராவது ஊசியைக் கழற்றிப் பார்த்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

வீட்டு மிஷின் ஊசியின் தலைப்பக்கம் ஒருபுறம் தட்டையாக இருக்கும். அதைத் தப்பாகப் போடுவது கடினம். உங்கள் மிஷினுக்கு உரிய டிபி×1 (DB×1) ஊசியின் தண்டு முழு உருண்டை. எப்படித் திருப்பினாலும் உள்ளே போய்விடும், வினையே அதில்தான். ஊசியின் நீளவாட்டில் ஓடும் பள்ளம் உங்களுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். காதுக்கு மேலே குழிவாகச் சீவிய பக்கம் வலப்புறம், ஹூக்கைப் பார்த்து நிற்க வேண்டும். நூலை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். குழிவு கொஞ்சம் விலகினாலும் தையல் விடும்.

கடையில் ஊசி வாங்கும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோங்கள். டிபி×5 (DP×5) என்று இன்னொரு வகை உண்டு. அதன் தண்டு 2 மி.மீ.; உங்களுடையது ஏறக்குறைய 1.6. முன்பு மிஷின் ஓடிய கம்பெனியில் தடித்த துணிக்காக நீடில் பாரை (ஊசியைப் பிடித்து ஏறியிறங்கும் தண்டு) மாற்றியிருந்தால், அந்தப் பெரிய துளையில் மெல்லிய ஊசி சாய்ந்துதான் நிற்கும். பிறகு எந்த மெக்கானிக் வந்து டைமிங் (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) வைத்தாலும் நிலைக்காது. பருத்தி நைட்டிக்கு 14-ஆம் நம்பர் ஊசி பொருந்தும். பனியன் துணி என்றால் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி போடுங்கள்.

புது ஊசி சரியாக நின்றும் தையல் விட்டால்தான் டைமிங் பக்கம் போக வேண்டும். ஊசி அடிமட்டம் வரை இறங்கி மேலே ஏறத் தொடங்கும்போது, நூல் ஊசியை விட்டுப் புடைத்துச் சிறு வளையமாகும். ஊசி சுமார் 2 மி.மீ. ஏறியதும் ஹூக்கின் முனை ஊசியின் நடுவுக்கு வந்து, காதுக்குச் சற்று மேலே அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டும். முனைக்கும் ஊசிக்கும் இடைவெளி 0.04 முதல் 0.1 மி.மீ. வரைதான். கூடினால் தையல் விடும், குறைந்தால் முனை ஊசியில் உரசி மழுங்கும்.

இதைக் கண்மதிப்பில் வைக்க வேண்டியதில்லை. ஜூக்கி வகை மிஷின்களின் நீடில் பாரில் கோடுகள் பொறித்திருக்கும். டிபி×1 ஊசிக்கு உரிய ஜோடிக் கோடுகளைப் பாருங்கள். ஊசி அடிமட்டத்தில் நிற்கும்போது அந்த ஜோடியின் முதல் கோடு புஷ்ஷின் (நீடில் பார் ஏறியிறங்கும் குழாய்) கீழ் விளிம்போடு சேர வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றி இரண்டாவது கோட்டை அதே விளிம்புக்குக் கொண்டுவந்தால், ஹூக் முனை ஊசியின் நடுவில் நிற்க வேண்டும். தடித்த மடிப்பில் ஊசி முட்டும்போது நீடில் பார் மேலே நழுவிவிடுவது சகஜம். உங்கள் மிஷினிலும் அதுதான் நடந்திருக்கலாம். அப்படியானால் கூலி மட்டும்தான், எந்த உதிரிபாகமும் தேவையில்லை. கோடுகளைப் பார்க்காமல் நேரே ஹூக் ஸ்குரூவில் கைவைக்கிற மெக்கானிக்கை நிறுத்திக் கேளுங்கள்.

ஹூக்கை மாற்ற வேண்டுமா என்பதை அதன் முனையே சொல்லும். மிஷினை அணைத்துவிட்டு முனையை நகத்தால் வருடுங்கள். லேசாகச் சொரசொரத்தால் எண்ணெய்க் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிவிடலாம். முனை மழுங்கியோ உடைந்தோ இருந்தால் புதிது போடத்தான் வேண்டும். ஹிரோசே பெயர்பெற்ற ஹூக் கம்பெனி; ஆனால் அந்தப் பெயர் பொறித்த எல்லாமே ஹிரோசே அல்ல. பில்லோடு வாங்குங்கள், கழற்றிய பழைய ஹூக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்குப் போடும் பேச்சுக்கு ஒரே ஒரு சோதனை. ஊசி அடிமட்டத்தில் நிற்கும்போது நீடில் பாரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது; இன்று வைக்கும் டைமிங் நாளைக்கு நிற்காது. அப்போதும் புஷ்ஷை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்ட பிறகே விற்பதைப் பற்றி யோசியுங்கள். வார்ப்பிரும்பு ஹெட் (மேஜைமேல் உட்காரும் மிஷின் உடல்) அவ்வளவு லேசில் தேயாது.

கேள்வி: ஏற்றுமதிக் கம்பெனி கழித்த மிஷின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பெயிண்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் உங்கள் பகுதி எப்படி மிதந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நீரில் நின்ற மிஷினும் பெயிண்டுக்குப் பின் புதிதாகத்தான் தெரியும். ஹெட்டைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்டுகளில் துருத் தழும்பு, எண்ணெய்த் தொட்டியில் பால் கலந்தாற்போல வெளுத்த எண்ணெய், மேஜைப் பலகையின் ஓரம் உப்பியிருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள். ஸ்குரூத் தலைகள் சிதைந்திருந்தால் பல கைகள் நோண்டிய மிஷின் என்று பொருள்.

உங்கள் துணியையே கொண்டுபோங்கள். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு, இரண்டு மடிப்பிலும் நான்கு மடிப்பிலும் தையுங்கள். ஒரு நிறம் மறுபக்கம் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்த்தால் டென்ஷன் (நூலின் இறுக்கம்) கோளாறு. அது சின்ன விஷயம். தானாக எண்ணெய் பாயும் மிஷின் என்றால், ஓடும்போது மேலே உள்ள கண்ணாடியில் எண்ணெய் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் பம்பைச் சரிசெய்யும் வரை அதை ஓட்டக்கூடாது. தேங்காய் எண்ணெய், கார் எண்ணெய் எதுவும் வேண்டாம். மெல்லிய வெள்ளைத் தையல் மிஷின் எண்ணெய் மட்டும்.

கிளட்ச் மோட்டார் என்றால் சுவிட்சைப் போட்ட நிமிடத்திலிருந்து, நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,880 சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடும், சத்தமும் குறைவு. வீட்டில் வைத்துத் தைப்பவர் விலைபேசும்போதே சர்வோவைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: "ரீகண்டிஷன் செய்தது, ஒரு வருடத்துக்குக் கவலையில்லை" என்று சொல்லி விற்றார்கள். பத்தே நாளில் மோட்டார் எரிந்துவிட்டது. பில் தரவில்லை. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கடைக்காரர் பாதிச் சட்டம் படித்திருக்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. நீங்களே உட்கார்ந்து தைக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பொருந்தும். பில் தராததையும், பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதையும் அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மிஷினின் சீரியல் நம்பர் தெரியும் படம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை ₹5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த சிங்கர் 31கே மிஷினைக் கொடுத்துவிட்டுப் புது மிஷின் வாங்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: 'கே' என்பது ஸ்காட்லாந்தின் கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும், 1980-இல் அது மூடப்பட்டது. ஆகவே எவ்வளவு குறைந்த வயது சொன்னாலும் நாற்பதைத் தாண்டிய மிஷின். தடித்த துணிக்கு இன்றும் உழைக்கும், வேகத்துக்கு ஆகாது. எண்ணெயும் துளைதுளையாக நீங்களேதான் விட வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இரும்பு விலைதான் சொல்வார்கள். கடல் காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தால் சக்கரத்தைப் பலவந்தமாகச் சுற்றாதீர்கள். துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மெல்ல அசைத்துப் பாருங்கள். இளகிய பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட மறக்க வேண்டாம்.