ஆறு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதுங்க

பனியன் கம்பெனியில் ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள், திருப்பூரிலிருந்து காங்கேயம் பக்கம் ஊர் போய்ச் சேர ஆறு நெருங்கிவிடும், அப்போது ஓட்டுப் போடப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருந்தீங்க. நேரம் முடிவதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் யாரும் அனுப்ப முடியாதுங்க. எட்டு மணி ஆனாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வரலாம். 2024 மக்களவைத் தேர்தலில் காலை 7 முதல் மாலை 6 வரை இருந்தது. இந்த முறை நேரம் என்னவென்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்க.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு தடவை நானே அப்படித்தான் நின்றேன். மணி ஆனதும் போலீஸ்காரர் கடைசியில் இருந்த பாட்டிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அந்தப் பாட்டிக்குத்தான் ஒன்றாம் நம்பர் சீட்டு. வாலிலிருந்து தலை நோக்கிக் கொடுத்துக்கொண்டே வருவார்கள், அப்போதுதான் பின்னால் வந்து யாரும் நுழைய முடியாது. அதிகாரி கையெழுத்துப் போட்ட அந்தத் துண்டுச்சீட்டை உள்ளே போகும்வரை பத்திரமாக வையுங்க.

பூத் சிலிப் மட்டும் கொண்டுபோனால் ஆகாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ வேண்டும்.

அப்புறம் ஒன்று. எதற்குங்க ஐந்து மணி வரை தைத்துக்கொண்டு இருக்கணும்? வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தரணும் என்பது சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி. தினக்கூலிக்கும் உண்டு. சூப்பர்வைசரிடம் இப்போதே கேளுங்க. மறுத்தால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போடுங்க. முந்தின நாள் ராத்திரியே ஊருக்குப் போய், வெயிலுக்கு முன்னால் ஏழு மணிக்கே நின்றுவிடுங்க.